கெட்டுப்போன மோட்டார்களைக் கேட்கப் போனேன்

மோட்டார் கெடும்போது என்ன சத்தம் போடும் என்று கேட்பதற்காகக் கடல் தாண்டிப் போனவள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில், ஒரு சமூகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். நடுநடுவே உரைநடையா கவிதையா என்று எனக்கே பிடிபடாத எதையாவது எழுதுகிறேன். ஓரிடத்தில் உட்கார முடியாத உடம்பு. அதனால்தான், தொழிற்கல்விக் கல்லூரிகளில் கற்றல் தொழில்நுட்பத்தைப் புதுமாதிரியாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு விருது தரும் ஓர் அறக்கட்டளை நடுவராக வரமுடியுமா என்று கேட்டபோது, எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்னாலேயே சரி என்றுவிட்டேன். ஆந்திரத்தில் சித்தூர், திருப்பதிப் பக்கம். தமிழ் பேசுகிற வெளியாள் ஒருவர் வேண்டுமாம். வெளியாள் என்பது எனக்குப் பழகிப்போன பதவி.

வந்திருந்த விண்ணப்பங்களில் ஒன்றை விமானத்தில் திரும்பத் திரும்பப் படித்தேன். மற்றவை எல்லாம் வழவழவென்று படம் போட்டு வந்திருந்தன. இது ஒரே ஒரு பத்தி. புத்தலப்பட்டுப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பம்ப் மோட்டார் பிரிவு ஆசிரியை புவனேஸ்வரி எழுதியது. அவருடைய மாணவர்கள் கெட்டுப்போகிற மோட்டார்களின் சத்தத்தைக் கைப்பேசியில் பிடித்து வைக்கிறார்கள். அதைக் கேட்டுக் கேட்டுப் பழுதை அடையாளம் காணப் பழகுகிறார்கள். ஒவ்வொரு சத்தத்தின் முடிவிலும், அந்த மோட்டார் கெடுவதற்குத் தான் செய்த தப்பு என்ன என்பதைப் பதிவு செய்தவரே தன் வாயால் சொல்ல வேண்டும்.

கடைசி வரியில் என் கண் நின்றுவிட்டது. என் கல்லூரியில் இருபதாண்டுத் தேர்ச்சிப் பட்டியல்கள் சுவரில் தொங்குகின்றன. தப்புகளை எங்கே வைத்திருக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். எங்கேயும் இல்லை.

திருப்பதியில் இறங்கியதும் மலைதான் முதலில் கண்ணில் படுகிறது. எங்கள் ஈப்போவிலும் ஊரைச் சுற்றி மலை உண்டு. ஆனால் அவை பச்சைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்ட சுண்ணாம்புக்கல் மலைகள். இது சிவந்த சுவர், வெயிலில் காயப் போட்ட பெரிய செங்கல் போல. அண்ணாந்து பார்த்தபடியே நடந்ததில் ஒரு ஆட்டோவில் முட்டிக்கொண்டேன். ஓட்டுநர் தெலுங்கில் சொன்னதைப் பக்கத்துப் பூக்காரம்மா மொழிபெயர்த்தார். "மலைய அப்புறமா பாரு, அது எங்கியும் போவாது, மொதல்ல ரோட்ட பாருன்றான்."

விடுதியில் எங்கள் குழுத் தலைவர் வரதன் காத்திருந்தார். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். தலைமுறைகளாகத் திருமலைக் கோயில் கைங்கரியத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். தம்பி இன்றும் அங்கேதான் சேவை செய்கிறார். நெற்றியில் திருமண், கையில் ஒரு தூக்கு. தூக்கில் புளியோதரை.

"வாங்கோ, வாங்கோ. மொதல்ல சாப்பிடுங்கோ. விருதெல்லாம் அப்புறம்" என்றார். மிளகு காரம் மூக்கில் ஏறியது. புளிப்பு நாக்கின் ஓரத்தில் நின்று விளையாடியது. பாதி சாப்பிடும்போதே அவர் சட்டத்தையும் சொல்லிவிட்டார்.

"ஒண்ணே ஒண்ணுதான். நேர்ல பாத்ததுக்குத்தான் மார்க். அவா சொன்னா, இவா எழுதினா, வீடியோல வந்துது, இதெல்லாம் கூடாது. போன தடவை வீடியோவப் பாத்துக் குடுத்துட்டு அசடு வழிஞ்சோம். நேர்ல போனா அந்தக் காலேஜ்ல ஸ்விட்ச் போர்டே இல்லே."

அன்று மதியம் நான் பார்த்தது திருப்பதியில் ஒரு பெரிய கல்லூரி. வெல்டிங் பிரிவில் கண்ணுக்கு மாட்டும் பெட்டி வைத்திருக்கிறார்கள். மாட்டிக்கொண்டால் எதிரே இரும்பு, கையில் சுடர், தீப்பொறி, எல்லாம் தெரிகிறது, எதுவும் சுடுவதில்லை. எனக்கும் மாட்டிவிட்டார்கள். இல்லாத இரும்பை இல்லாத இரும்போடு ஒட்டினேன். கோணலாக ஒட்டியதை ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் மன்னித்தது.

"பிடிச்சிருக்கா?" என்று பக்கத்தில் நின்ற மாணவியைக் கேட்டேன்.

"பிடிக்கும் மேடம். கண்ணு எரியல. ஆனா வாசனையும் வரல" என்றாள். உண்மையான பட்டறைக்குப் போகும்போது அந்த வாசனைதான் முதலில் பயமுறுத்துமாம். நல்ல கல்லூரி. நல்ல கருவி. மனதார நல்ல மதிப்பெண் போட்டேன். ஆனாலும் என் காது நாளைக்குக் காத்திருந்தது.

மறுநாள் காலையில் புத்தலப்பட்டுக்குப் பேருந்து. மாங்காய்க் காலம். கிளிமூக்கு மாங்காயை இங்கே தோத்தாபுரி என்கிறார்கள். மாம்பழக் கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்க, ஓட்டுநர்கள் வண்டியடியில் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். காற்றே இனித்துப் புளித்தது. சாலையின் இரண்டு பக்கமும் நிலக்கடலை, கரும்பு, மாந்தோப்பு. ஒவ்வொரு துண்டு நிலத்தின் மூலையிலும் ஒரு குழாயும் அதன் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டியும். எங்கள் ஊரில் தண்ணீர் மேலிருந்து வருகிறது. பிற்பகலானால் வானம் தானாகக் கொட்டிவிட்டுப் போகும். இங்கே அது கீழிருந்து வரவேண்டும். பூமிக்கடியில் எங்கோ இருட்டில் ஒரு மோட்டார் ஓயாமல் மூச்சு விட்டால்தான் மேலே ஒரு கடலைச்செடி பூக்கும்.

கல்லூரி வாசலில் கோலம். எனக்கு மாலை, சால்வை, தட்டில் ஆப்பிள். சுண்ணாம்பு அடித்த வாசனை. முதல்வர் வேர்த்துக்கொண்டே சிரித்தார். பட்டறை வாசலில் பச்சைச் சாயம் காயாத இரும்பு அலமாரி ஒன்று நின்றது. உள்ளே சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்.

"இது எதுக்கு சார்?"

"பசங்க போன் வெக்கறதுக்கு மேடம் காரு. அடுத்த மாசத்துலருந்து கேம்பஸ்ல போன் கிடையாது. பேரன்ட்ஸ் கம்ப்ளெயின்ட் மேல கம்ப்ளெயின்ட். பையன் எப்பப் பாத்தாலும் போன நோண்டிக்கினே இருக்கான்னு. நான் என்ன செய்யறது? உங்க அவார்ட் வந்தா விஷயம் வேற. சின்னதா ஏதோ ஒண்ணு வந்தாலும் போதும், அதக் காட்டி வர்க்‌ஷாப்ல மட்டும் போன் இருக்கட்டும்னு சொல்லிடுவேன். இல்லன்னா என்னால ஆவாது."

பக்கத்தில் நின்ற புவனேஸ்வரியைப் பார்த்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். விரல் நுனிகளில் செம்புக்கம்பி கீறிய கோடுகள். அவர் அலமாரியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். கைப்பேசி போனால் அவருடைய வகுப்பு போயிற்று. அந்தப் பூட்டுக்கும் அவருக்கும் நடுவில் நின்றது நான் எழுதப்போகும் ஒரு எண். சால்வை திடீரென்று கனத்தது.

பட்டறைக்குள் போனோம். நீலச் சட்டையில் மாணவர்கள் வரிசையாக நின்றார்கள். முதல்வர் கையசைக்க, ஒரு பையன் ஒலிபெருக்கியைத் தட்டினான். மோட்டார் ஓடும் சத்தம். சீராக, கண்ணை மூடினால் தூக்கம் வரும்படி. பிறகு ஆங்கிலத்தில் ஒரு குரல், ஒன்றாம் வகை என்றது. அடுத்தது இன்னொரு மோட்டார். அதுவும் சீராக ஓடியது. இரண்டாம் வகை. மூன்றாம் வகை. எல்லா மோட்டார்களும் ஆரோக்கியமாக இருந்தன. நோயே இல்லாத மருத்துவமனைக்கு வந்துவிட்டதுபோல் நின்றேன்.

"கெட்டுப்போன மோட்டார்?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம் காரு" என்றார் முதல்வர் பெருமையாக. "ஒண்ணுகூட இல்ல. எல்லாம் க்ளீன் பண்ணிட்டோம்."

மாணவர்கள் வரிசையில் ஒரு பெண் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

மதியச் சாப்பாடு ராகி சங்கட்டி. நம் களிதான், ஆனால் உருண்டை தேங்காய் அளவு. நடுவில் குழி வைத்து நாட்டுக்கோழிக் குழம்பு, ஓரத்தில் வேர்க்கடலைச் சட்னி. மெல்லக்கூடாது, விழுங்க வேண்டும் என்று முதல்வர் சொல்லிக்கொடுத்தார். நான் மென்றேன். எல்லோரும் சிரித்தார்கள். புவனேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. பேருந்து நிறுத்தம் வரை வழியனுப்ப அவர்தான் வந்தார். வேப்பமரத்தடியில் நின்றதும் கொட்டிவிட்டார்.

"சார் கெட்டவரு இல்ல மேடம். இன்ஸ்பெக்‌ஷன்னா எங்களுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். தூசி தட்டணும், ஒடஞ்சத மறைக்கணும். உங்களயும் அப்பிடி ஒரு இன்ஸ்பெக்‌ஷன்னுதான் நெனச்சிட்டாரு. பசங்க ரெக்கார்டிங்ல என்ன இருக்குது? 'நான் இந்த சத்தத்தக் கேட்டும் ஆஃப் பண்ணல, காலேஜ் மோட்டாரு எரிஞ்சி போச்சி.' மேலேருந்து வந்தவங்க இதக் கேட்டா, எரிஞ்சது எத்தினி, யாரு எரிச்சாங்கன்னு கேப்பாங்களே, நான் இன்னா பதிலு சொல்றதுன்னு பயந்துட்டாரு. நின்னுக்கினு ஒவ்வொருத்தர் போனயும் பாத்து டெலீட் பண்ண வெச்சாரு. காலேஜ் டேப்லெட்லயும் இல்ல, வாட்ஸப் குரூப்லயும் இல்ல."

"உங்களிடம்?"

"மொதல்ல என் போனத்தான் வாங்கனாரு."

வரதனின் சட்டம் நினைவுக்கு வந்தது. நேரில் பார்த்ததற்குத்தான் மதிப்பெண். நான் நேரில் பார்த்தது நலமாக ஓடும் மூன்று மோட்டார்களை.

"பசங்க அதுக்கெல்லாம் பேரு வெச்சிருந்தாங்க மேடம்" என்றார் புவனேஸ்வரி. இப்போதுதான் லேசாகச் சிரித்தார். "மூணு கரன்ட் லைன்ல ஒரு ஃபேஸ் போச்சின்னா மோட்டாரு சுத்தாம முனகும். அதுக்குப் பேரு மாமியா மொணமொணப்பு. பேரிங் போனா வெத்தல இடிக்கிறது. போர்ல தண்ணி எறங்கி காத்து ஏறினா விக்கலு. அதுக்கும் சார் கத்தினாரு. ஆபீசருங்க முன்னாடி மாமியாவான்னு."

அன்று சித்தூரில் தங்கினேன். கடைத்தெருவில் ஒரே வாக்கியத்தில் தமிழில் விலை கேட்டுத் தெலுங்கில் பேரம் பேசிவிட்டு மறுபடி தமிழில் கோபித்துக்கொண்டு போகும் மனிதர்கள். பலமனேர்ப் பால் என்று எழுதியிருந்த கடையில் தேநீர் குடித்தேன். எங்கள் தே தாரிக்கைப் போல ஆற்றி நுரைக்க வைப்பதில்லை. ஆனால் பாலுக்குள் தேயிலை தயங்கித் தயங்கி வந்தது நன்றாக இருந்தது. அறிக்கையை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் பொய்யாக வந்தது. கேட்காததைக் கேட்டதாக எழுதினால் ஒரு பொய். இல்லை என்று எழுதினால் அதைவிடப் பெரிய பொய்.

காலையில் இட்லிக்குக் காத்திருக்கும்போது புவனேஸ்வரி அழைத்தார். மூச்சு வாங்கியது.

"மேடம், ஒரு போன்ல அந்த சத்தமெல்லாம் இருக்குது. எங்க சுமதி, நேத்து லைன்ல தலயக் குனிஞ்சிக்கினாளே, அவங்க அம்மா போன்ல. பசங்க வீட்டுக்கு அனுப்பறாங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா சார் சொல்லி எல்லாரும் எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். அந்தம்மாவுக்கு அனுப்பத் தெரியாதாம். போனக் கையில குடுக்கவும் மாட்டாங்களாம். வேணுன்னா வந்து கேட்டுக்கினு போவச் சொல்லுன்றாங்க. இன்னிக்கி மோட்டாரு வேற சரியில்லியாம். நீங்க மத்தியானம் திருப்பதி மீட்டிங்குக்குப் போவணும் இல்ல?"

இட்லி வருவதற்குள் நான் பேருந்தில் இருந்தேன்.

நிறுத்தத்தில் புவனேஸ்வரி ஸ்கூட்டியோடு நின்றார். வகுப்புக்கு அரைநாள் விடுப்பு சொல்லியிருந்தாராம். மண்பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போனதில் என் சால்வைப் பை ஒரு வேலியில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. திரும்பி எடுக்க நேரமில்லை. அந்த வேலிக்கு இருக்கட்டும் அந்த மரியாதை.

சுமதியின் அம்மா முனியம்மா வரப்பில் நின்றிருந்தார். சேலையை முழங்காலுக்குச் செருகி, ஒரு கையில் கைப்பேசி, இன்னொரு கையில் மண்வெட்டி.

"நீதான் சிங்கப்பூரா?"

"மலேசியா."

"எல்லாம் ஒரே தண்ணிக்கு அந்தாண்டதான? வாக்கா." வரப்பில் ஒரு சாக்கை விரித்தார். "இங்க குந்து. இத்தப் பாரு, இதே கொல்லியில எங்க மாமியா கூலிக்குக் கள புடுங்கினா. நானும் வந்து புடுங்கினேன். இப்ப எம்பேர்ல கீது. மோட்டாரும் எம்பேர்லதான் கீது. அதனால அது மக்கர் பண்ணா எனுக்குத்தான் நஷ்டம்."

"மத்த வீட்லல்லாம் எடுத்துட்டாங்களே முனியம்மா, நீ எப்பிடி எடுக்கல?" என்றார் புவனேஸ்வரி.

"சுமதி அழுதுக்கினு வந்தா. சாரு டெலீட் பண்ணச் சொன்னாரு, குடும்மா போனன்னு. எம்போன்ல கைய வெச்சிப் பாருடீ, ஒடச்சிப் போட்டுர்றேன்னேன். உங்க சாருக்கு வேணுன்னா இன்ஸ்பெக்சன் வரும், எனுக்குக் கடலக் கொல்லி காயும். எது பெருசு?"

மும்முனை மின்சாரம் வரும் நேரம். எல்லா நிலங்களிலும் தகரப் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கதவு திறந்தன. முனியம்மாவும் தன் பெட்டியைத் திறந்தார். முந்தின நாள் மாலையில் மோட்டார் முனகிக்கொண்டு தண்ணீர் தராமல் நின்றுவிட்டதாம். பக்கத்து நிலத்துக்காரர்கள் வந்து பார்த்து, உள்ளே மோட்டார் கெட்டுப்போய்விட்டது, வண்டி வரவழைத்துக் குழாயெல்லாம் கழற்றி மோட்டாரை மேலே தூக்க வேண்டும் என்றார்களாம். தூக்கினால் ஒரு வாரமாவது தண்ணீர் இல்லை. கடலை பூவிட்டிருந்தது. மஞ்சள் பூ, மூக்குத்தி அளவு.

"எல்லாரும் சொல்றாங்க தூக்கு தூக்குன்னு. எனுக்கென்னமோ சந்தேகம். எம்பொண்ணு சத்தத்தப் போட்டுப் பாத்துட்டு அப்புறம் தூக்கலாம்."

குழாயின் மீது ஒரு காதை வைத்தார். மறுகாதில் கைப்பேசி. பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

பூமிக்குள்ளிருந்து ஒரு உறுமல் ஏறி வந்தது. என் செருப்பு வழியாகவே கேட்டது. தண்ணீர் வரவில்லை. புவனேஸ்வரியின் கை தானாகச் சிவப்புப் பொத்தானை நோக்கி நீண்டது; பாதி வழியில் தன் கையைத் தானே பிடித்து நிறுத்திக்கொண்டார். அந்த ஒரு கணம் நான் சாக்கிலிருந்து எழுந்துவிட்டேன். மோட்டார் எரிந்தால் என்ன ஆகும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

கைப்பேசியில் முதல் சத்தம். கரடுமுரடாக, கல்லுரலில் எதையோ நசுக்குவதுபோல். முனியம்மா தலையாட்டி மறுத்தார். "வெத்தல இடிக்கல." அடுத்ததைத் தொட்டார். தாழ்ந்த, விடாத, ஒரே சுருதியில் ஒரு முனகல். அதன் மேலேயே ஒரு பெண்ணின் குரல்:

"இது மாமியா மொணமொணப்பு. மூணு ஃபேஸ்ல ஒண்ணு வரல. மோட்டாரு நல்லாத்தான் கீது, சுத்த முடியாம மொனகுது. நான் இத்தக் கேட்டுக்கினே, சுத்தும் சுத்தும்னு நின்னுட்டேன். உள்ள கம்பிக் காயிலு எரிஞ்சி போச்சி. நீங்க நிக்காதீங்க. ஒடனே ஆஃப் பண்ணுங்க. மோட்டார தூக்காதீங்க, ஃபியூஸ பாருங்க."

"அதேதான்!" என்று முனியம்மா சிவப்புப் பொத்தானை அறைந்தார்.

உறுமல் அடங்கியது. திடீரென்று குருவிச் சத்தமெல்லாம் கேட்டது. முனியம்மா மின்மாற்றிப் பக்கம் கைநீட்டி, "அங்க பீஸ் போயிருக்கும். லைன்மேனுக்கு சொல்லணும். மோட்டாரு நல்லா கீது! ஊரே சேந்து என் மோட்டாரத் தூக்கப் பாத்தீங்களேடா!" என்று யாருமில்லாத வயலைப் பார்த்துக் கத்தினார்.

புவனேஸ்வரி அந்தப் பக்கம் திரும்பி மாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முந்தானை முகத்துக்குப் போனது. முனியம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாத்துக்கு டீச்சர் அழுவுற? என் மோட்டாரு, நானே அழல."

அதன்பிறகு கைப்பேசியிலிருந்து சத்தங்களை எடுத்துக்கொள்ள முனியம்மா சம்மதித்தார். கையில் கொடுக்கவில்லை, தன் கையிலேயே பிடித்துக்கொண்டு, புவனேஸ்வரி விரலால் தொட மட்டும் அனுமதித்தார். ஒவ்வொரு சத்தமாக என் கைப்பேசிக்கு வந்து விழுந்தது. விக்கல். வெற்றிலை இடி. முணுமுணுப்பு. ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு குரல், வெட்கத்தோடு, அவசரமாக, சிரிப்பை அடக்கிக்கொண்டு, நான் என்ன தப்பு செய்தேன் தெரியுமா என்றது.

திருப்பதிப் பேருந்து மாங்காய் டிராக்டர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. கூட்டம் தொடங்கும் நேரம் நெருங்க நெருங்க வண்டி நகராமல் நின்றது. நடத்துநர் இறங்கிப் போய் ஒரு டிராக்டர்காரரோடு சண்டை போட்டுவிட்டு, இரண்டு மாங்காயோடு திரும்பி வந்தார். "வாங்கிக்கோங்க மேடம், இதான் நஷ்ட ஈடு" என்று ஒன்றை எனக்குத் தந்தார். உப்பில்லாமலேயே கடித்தேன். சந்திரகிரிக் கோட்டை ஜன்னலில் வந்தபோது, வண்டியும் ஓட ஆரம்பித்தபோது, பல் கூசியது, மனம் கூசவில்லை.

விடுதியின் கூட்ட அறைக்குள் மாங்காய்ப் பால் பிசுபிசுத்த கையோடு நுழைந்தேன். வரதனும், ஹைதராபாத்திலிருந்து வந்திருந்த மூன்றாவது நடுவரும் காத்திருந்தார்கள். அவர் இளைஞர், கணினிக்காரர். நான் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். சுண்ணாம்பு அடித்த கல்லூரி, ஆரோக்கியமான மூன்று மோட்டார்கள், வரப்பு, முனியம்மா.

"கல்லூரியில் காட்டியது வேறு, நீங்கள் மதிப்பிடுவது வேறா?" என்று இளைஞர் ஆங்கிலத்தில் கேட்டார். "தவிர, கைப்பேசியில் சத்தம் பிடிப்பதை யாரும் செய்யலாமே. இதில் புதுமை எங்கே?"

நியாயமான கேள்விதான். கோபம் வரவில்லை. "என் கல்லூரியில் சுவரளவு திரை இருக்கிறது. தொட்டால் பேசும். அதில் இன்றுவரை ஒரு மாணவரும் தன் தப்பைப் பதிந்து வைத்ததில்லை. நானும்தான். இந்தப் பிள்ளைகள் தப்பை அடுத்தவருக்குக் கருவியாக்கியிருக்கிறார்கள். அது வயல்வரைக்கும் போய் வேலை செய்கிறது" என்றேன். "கேளுங்கள்."

முணுமுணுப்பை முழுச் சத்தத்தில் போட்டேன். மேசை அதிர்ந்தது. வரதன் கண்ணை மூடிக்கொண்டார். குரல் தொடங்குவதற்குள் கதவு படாரென்று திறந்தது. விடுதிப் பணியாளர் மூச்சிரைக்க நின்றார். எந்த ஏசி, எந்த ஏசி, உடனே ஆஃப் செய்யுங்கள், எரியப்போகிறது என்று தெலுங்கில் கத்திக்கொண்டே சுவரெல்லாம் தேடினார். நான் கைப்பேசியைத் தூக்கிக் காட்டியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார்.

வரதன் கண்ணைத் திறந்தார்.

"நேர்ல பாத்தேளா?"

"பார்த்தேன் சார். அந்தம்மா காதை வைத்து, சத்தத்தை ஒப்பிட்டு, மோட்டாரை நிறுத்தியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்."

"அப்போ அதுக்கு மார்க் உண்டு. காலேஜுக்குள்ள பாக்கணும்னு நான் சொல்லவே இல்லையே." தூக்கை என் பக்கம் நகர்த்தினார். இன்று தயிர்சாதம். "ஆனா அந்த வெல்டிங் காலேஜும் சோடை இல்லே. மொதல் பரிசு அவாளுக்குப் போகட்டும். இதுக்குத் தனியா ஒரு அங்கீகாரம். என்ன சொல்றேள்?"

இளைஞர் கொஞ்ச நேரம் பேனாவைத் திருகினார். பிறகு, அந்த முணுமுணுப்பைக் குரலோடு இன்னொரு முறை போடச் சொன்னார். கேட்டுவிட்டுத் தலையசைத்தார்.

சின்னதாக ஏதோ ஒன்று வந்தாலும் போதும் என்று முதல்வர் சொன்னது நினைவில் இருந்தது. வெளியே போய் புவனேஸ்வரியை அழைத்தேன். சொன்னதும் அவர் அதை அங்கிருந்தவர்களுக்கு உரக்கச் சொன்னார். பிறகு தூரத்தில் யாரோ கைதட்டுவதும், அது பரவுவதும், யாரோ விசிலடித்ததும், முதல்வரின் குரல் "ஏய், விசில் யாருரா?" என்று கேட்டதும் காதில் விழுந்தன.

மறுநாள் வரதன் வற்புறுத்தித் திருமலைக்கு அனுப்பினார். தரிசனத்துக்குப் போகுமுன் கைப்பேசியைக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தேன். அதன்பிறகு வரிசையில் நிற்கும்போது கை அடிக்கடி பையைத் தேடியது. என்னமோ பாக்கி இருப்பதுபோல் உள்ளுக்குள் ஒரு அரிப்பு. முன்னால் நின்ற அம்மாள் ஒருவர், "இன்னாமா, காலுல எறும்பு பூந்துச்சா? நிக்க மாட்டேன்ற" என்றார். சாமியைப் பார்த்தது ஒரு இமைப்பு. யாரோ முதுகில் கைவைத்து நகர்த்த, வெளியே வெயில்.

கைப்பேசி திரும்பக் கிடைத்தது. புவனேஸ்வரியிடமிருந்து முதலில் ஒரு படம். பட்டறை வாசல், பச்சை அலமாரி. எண் போட்ட அறைகள் ஒவ்வொன்றிலும் கைப்பேசிக்குப் பதில் ஒரு சாப்பாட்டு டப்பா. அதன் கீழே, முனியம்மா எண்ணிலிருந்து வந்ததை அவர் எனக்கு அனுப்பியிருந்த ஒரு ஒலிப்பதிவு. அனுப்பக் கற்றுக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது.

லட்டுப் பையை மடியில் வைத்து, மதில் நிழலில் உட்கார்ந்து, காதில் வைத்தேன். ஒரு மோட்டார் ஓடியது. சீராக, கண்ணை மூடினால் தூக்கம் வரும்படி. கல்லூரிப் பட்டறையில் என்னைக் கலங்கடித்த அதே ஆரோக்கியம். ஆனால் இதில் தண்ணீரும் இருந்தது. குழாய் வாயிலிருந்து வாய்க்காலில் விழுந்து, தடுமாறி, வழி கண்டுபிடித்து, மண்ணை நனைத்துக்கொண்டு ஓடும் தண்ணீர்.

முனியம்மாவின் குரல் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. சொல்வதற்குத் தப்பு எதுவும் இல்லை. கடைசிவரைக்கும் கேட்டேன்.